வியர்த்துப்போன கொப்பிகள்

வினோஜாவுக்கு நாரி முதுகு நிமிரவில்லை. பின்கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவாறு நேரானாள். வெங்காயம் நடுவது குனிந்தபடி செய்கிற வேலை. நிமிர்ந்து நின்று நட இதுவரை ஒருவரும் வழி கண்டுபிடிக்கவில்லை. சனியும் ஞாயிறுமாகக் குனிந்து, குத்தகைக்கு எடுத்த நாலு பரப்புக் காணியையும் நட்டு முடித்திருந்தாள். நகக்கண்ணுக்குள் செம்மண் காய்ந்து கிடந்தது. இனிக் குளிக்க வேண்டும், சோறு போட வேண்டும், அதன் பிறகு மகளின் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு உறை போட வேண்டும்.

உறை போடுவதை நினைக்கத்தான் அவளுக்கு அலுப்பு வந்தது.

மகள் யதுசாவுக்குத் திங்கட்கிழமை இரண்டாம் வகுப்பு தொடங்க இருந்தது. அன்று எல்லாப் பிள்ளைகளும் பொருட்களைக் கொண்டுவர வேண்டும், வகுப்பு ரீச்சர் பார்த்து அலுமாரியில் அடுக்குவார் என்று பெற்றோரின் வட்சப் குறூப்பில் அறிவித்தல் வந்திருந்தது. அறிவித்தலோடு ஒரு பட்டியலும் வந்தது. தமிழ்க் கொப்பிக்குச் சிவப்பு உறை. கணிதத்துக்கு நீலம். சுற்றாடலுக்குப் பச்சை, அதுவும் கரும்பச்சை கூடாது, இலைப்பச்சை. சமயத்துக்கு மஞ்சள், ஆங்கிலத்துக்குக் கத்தரிப்பூ நிறம். எல்லா நிறத்துக்கும் மேலே கட்டியான கண்ணாடி உறை. செலோரேப் ஒட்டக்கூடாது, ஸ்ரேப்ளர் அடிக்கக்கூடாது. அழிறப்பர் வெள்ளையாக, மணமும் படமும் இல்லாததாக இருக்க வேண்டும். பென்சில் முக்கோணமாக, தடிப்பாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் பெயர் இருக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலில் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே தெரிய வேண்டும், ஆனால் உறிஞ்சுகுழல் இருக்கக்கூடாது.

"என்ரை தம்பி கனடாவுக்குப் போகேக்கை ஒரு பையோடைதான் போனவன்," என்றான் அவள் புருசன் வாகீசன், அதைப் படித்துவிட்டு. "அவனிட்டை ஆரும் போத்திலுக்கை தண்ணி தெரியுதோ எண்டு கேக்கேல்லை."

குறூப்பில் றஜிந்தன் என்று ஒரு தகப்பன், சங்கானையில் ஓட்டோ ஓடுகிறவன், குரல் பதிவு ஒன்று போட்டிருந்தான். "ரீச்சர், இலைப்பச்சை எண்டால் எந்த இலை? முருங்கையிலையோ, வாழையிலையோ? ஒருக்காச் சொன்னால் நல்லம்." யாரோ சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டு, உடனேயே அழித்துவிட்டார்கள். ரீச்சரிடமிருந்து பதில் வரவில்லை.

வினோஜாவுக்கு இதில் சிரிப்பு வரவில்லை. போன வருசம் யதுசா முதலாம் வகுப்பில், பட்டியலில் இருந்ததற்கு மாறாக, பூனைப் படம் போட்ட ஒரு மணக்கும் அழிறப்பரைக் கொண்டு போயிருந்தாள். கடையில் அதுதான் இருந்தது. அப்போதிருந்த ரீச்சர் அவளை இடைவேளை வரைக்கும் வகுப்பு வாசலில் நிற்க வைத்தார். மற்றப் பிள்ளைகள் உள்ளே இருந்து பார்த்தன. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்றால் பிள்ளை விடிய எழும்பி, குடித்ததையெல்லாம் சத்தியெடுக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூட வாசல் படலையடியில் வந்து நின்று கம்பியைப் பிடித்தால் விடமாட்டாள். "சின்னப் பிள்ளையள் உப்பிடித்தான், ரெண்டு நாளிலை சரியாப் போயிடும்" என்று சனம் சொல்லிவிட்டுப் போனது. கம்பியிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றியவள் வினோஜாதான். அந்தப் பழக்கம் விடக் கன நாள் எடுத்தது. இந்த முறையும் பிள்ளை வாசலில் நிற்க வேண்டி வந்தால் திரும்பவும் அவளை வகுப்புக்குள் அனுப்ப முடியாது. அது வினோஜாவுக்கும் தெரியும், வாகீசனுக்கும் தெரியும். 

இந்த வருசத்து ரீச்சர் புதியவர். பெயர் சிவகௌரி என்பதைத் தவிர ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நல்லவவோ பொல்லாதவவோ என்று குறூப்பில் கேட்டுப் பார்க்க ஏலாது, அவவும் அதே குறூப்பில் இருந்தார்.

நிறத்தாள்களைச் சேர்க்க வினோஜா மானிப்பாய்க்கும் சுன்னாகத்துக்கும் போனாள். கத்தரிப்பூ நிறம் கடைசியில் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஒரு கடையில் கிடைத்தது. கண்ணாடி உறை மட்டும் எங்கேயும் இல்லை.

"உங்கடை பள்ளிக்கூடம் மட்டுமில்லைப் பிள்ளை, இந்த வருசம் எல்லாரும் கண்ணாடி உறைதான் கேக்கினம்," என்றார் மானிப்பாய்க் கடைக்காரர். "செவ்வாய்க்கிழமை வரும், வாங்கோ."

"எனக்குத் திங்கக்கிழமை வேணும்."

"அப்ப ரீச்சரைச் செவ்வாய்க்கிழமை கேக்கச் சொல்லுங்கோ."

அப்படித்தான் ஞாயிறு பொழுதுபட்ட நேரத்தில், சாப்பிட்ட கையோடு, வாகீசன் கொட்டிலுக்குப் போய் வெறுமையான ஒரு யூரியாப் பையைக் கொண்டுவந்தான். வெளிப்பைக்குள் இருந்து உள்பொலித்தீனை உருவி எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தான்.

"இஞ்சார், இதுக்கு என்ன குறை? கட்டிக்குக் கட்டி. கண்ணாடிக்குக் கண்ணாடி."

"உரப்பையே?"

"உரப்பை எண்டு அதிலை எழுதியே கிடக்கு? எழுத்தெல்லாம் வெளிப்பையிலை. இது வெறும் பொலித்தீன்."

வினோஜா தொட்டுப் பார்த்தாள். கடை உறையைவிட நல்ல தடிப்பு. கழுவலாம் என்று எழும்பினாள். வாகீசன் மறித்தான். "கழுவினால் ஈரம் நிக்கும். பனியும் பெய்யுது, விடியிறதுக்கிடையிலை காயாது. கொப்பி நனைஞ்சால் பேந்து என்ன செய்யிறது? காய்ஞ்ச துணியாலை நல்லாத் துடை, காணும்."

வினோஜா தன் பழைய சட்டை ஒன்றைக் கிழித்து இரண்டு பக்கமும் துடைத்தாள். பிறகு இருவரும் பாயில் இருந்து வெட்டினார்கள். செலோரேப் இல்லாமல், ஸ்ரேப்ளர் இல்லாமல், மூலையை மடித்து உள்ளே செருக வேண்டும். வாகீசன் முதல் இரண்டையும் கோணலாக வெட்டினான். மூன்றாவதில் கை வந்துவிட்டது. யதுசா பக்கத்தில் முழங்காலில் இருந்து, பட்டியலைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டியல் முழுவதும் அவளுக்குப் பாடமாக இருந்தது.

"அப்பா, கத்தரிப்பூ ஆங்கிலத்துக்கு. சமயத்துக்கில்லை."

"எனக்குத் தெரியும் குஞ்சு."

"தெரியாது. நீங்கள் சமயத்துக்குத்தான் போடப் போனனீங்கள்."

கடைசிக் கொப்பியையும் முடித்து அடுக்கி வைத்தபோது பளபளவென்று கடையில் வாங்கியது போலவே இருந்தன. யதுசா அவற்றைத் தன் தலைமாட்டில், யன்னலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். கன நாளைக்குப் பிறகு அன்று சோற்றையும் மிச்சம் விடாமல் சாப்பிட்டிருந்தாள்.

யூரியாப் பையைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை எல்லாம் இழுத்துத் தண்ணீராகிவிடும் என்று தெரியாத தோட்டக்காரன் சண்டிலிப்பாய் ஊரில் இல்லை. வாகீசனுக்கும் தெரியும், வினோஜாவுக்கும் தெரியும். ஈரத்துக்குப் பயந்து கழுவாமல் விட்டவர்களும் அவர்கள்தான்.

விடியும் முன்னரே பிள்ளையின் குரல் கேட்டது. அழுகைக்கு முன் வருகிற குரல்.

"அம்மா. கொப்பிக்கு வியர்த்திருக்கு."

வினோஜா லைற்றைப் போட்டாள். உறைக்கும் நிறத்தாளுக்கும் நடுவில் முத்துமுத்தாகத் தண்ணீர் நின்றது. துடைத்தும் போகாமல் மடிப்புகளில் ஒளிந்திருந்த யூரியா இரவு முழுக்கத் தைப்பனியைக் குடித்திருந்தது. சிவப்புச் சாயம் கரைந்து தமிழ்க் கொப்பியின் ஓரமெல்லாம் ஊறியிருந்தது. நீலம் மஞ்சளில் ஒட்டி இரண்டுக்கும் நடுவில் ஒரு பச்சை பிறந்திருந்தது, அது இலைப்பச்சையும் இல்லை. பெயர் எழுதிய ஒட்டுத்தாள்கள் சுருண்டு கிடந்தன. பழைய மாட்டுக்கொட்டில் போல ஒரு நெடி அடித்தது.

உறைகளையும் தாள்களையும் வினோஜா உரித்து எறிந்தாள். உள்ளே கொப்பிகள் பிழைத்திருந்தன. ஓரம் மட்டும் ஈரம், மட்டை மட்டும் நெளிவு. ஆனால் நிறமும் இல்லை, உறையும் இல்லை. அம்மணக் கொப்பிகள்.

"நான் போகமாட்டன்," என்றாள் யதுசா.

"பள்ளிக்கூட வான் வரட்டும், பாப்பம்."

"வான் வந்தாலும் போகமாட்டன்." சொன்னவள் குசினிக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சத்தியெடுத்தாள்.

வெளியே கிணற்றடியில் வாகீசன் தண்ணீர் இறைக்கிற மிசினைக் கயிறு இழுத்துக் கிளப்பிக்கொண்டிருந்தான். அன்று அவர்களுடைய இறைப்பு முறை. கிணறு மூன்று தோட்டத்துக்குப் பொது. ஒவ்வொரு பங்குக்காரருக்கும் ஒரு நாள், விடிந்ததிலிருந்து கிணறு வற்றுமட்டும். தவறவிட்டால் அடுத்த முறை வருமட்டும் காத்திருக்க வேண்டும். நட்ட வெங்காயத்துக்கு இது முதல் தண்ணீர். இன்று தண்ணீர் காணாவிட்டால் வேர் விடாது, இரண்டு நாள் வெயிலில் கருகிவிடும். மிசினுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், அது பழைய மண்ணெண்ணெய் மிசின், கவனிக்காவிட்டால் நின்றுவிடும். மண்வெட்டியோடு ஒரு ஆள் வாய்க்காலை வெட்டியும் அடைத்தும் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற வேண்டும். மாறுகிற ஆள் எப்போதும் வினோஜாதான்.

அவள் கிணற்றடிக்கு வந்து விசயத்தைச் சொன்னாள். வாகீசன் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"எல்லாம் என்ரை வேலை," என்றான்.

"ஆரின்ரை வேலை எண்டு பேந்து பாப்பம். அவளை நான்தான் சைக்கிளிலை கொண்டுபோகவேணும். வானிலை ஏறமாட்டாள். நான் ரீச்சரோடை நேரை கதைக்கிறன். உள்ளதைச் சொல்லுறன்."

"தண்ணியை ஆர் மாறுறது?"

பக்கத்துத் தோட்டத்தில் நடராசா புகையிலைக் கன்றுகளில் பக்க முளை கிள்ளிக்கொண்டு நின்றார். கிணற்றின் இன்னொரு பங்குக்காரர். அறுபது தாண்டிய ஆள், விடிய முதல் தோட்டத்தில் நிற்பவர். போன வருசம் அவருடைய முறை நாளில் மிசின் அடுத்த நாள் காலை வரை ஓடி, வாகீசனின் முறைக்குக் கிணற்றில் சேறுதான் மிஞ்சியது. அன்று வாகீசன் வரம்பில் நின்று அவரைத் தண்ணிக் கள்ளன் என்றான். அவர் வாகீசனை அதைவிட மோசமாக ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. எதிரே வந்தால் நடராசா செருமுவார், வாகீசன் துப்புவான்.

வினோஜா நடராசா நின்ற பக்கம் பார்த்தாள். வாகீசன் அவள் பார்த்ததைப் பார்த்தான்.

"அங்கை போகாதை."

"அப்ப வேறை ஆரைக் காட்டுறியள்?"

அவன் மிசின் கயிற்றைத் திரும்ப இழுத்தான். அவள் வரம்பைக் கடந்து போனாள்.

"நடராசா அண்ணை, ஒரு உதவி."

அவர் நிமிரவில்லை. "தண்ணிக் கள்ளனட்டையோ உதவி?"

"அண்ணை, பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அழுகிறாள். நான் கொண்டுபோக வேணும். தண்ணி மாற ஆளில்லை."

"ஏன் அழுகிறாள்?"

வினோஜா சொன்னாள். நிறத்தாள், கண்ணாடி உறை, யூரியாப் பை எல்லாம். நடராசா முளையைக் கிள்ளுவதை நிறுத்தினார். அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

"யூரியாப் பையிலை உறையோ? உவன் என்ன, கொப்பிக்கு உரம் போட்டவனோ? நல்லாய் வளந்திருக்குமே இப்ப."

"அண்ணை, சிரிக்கிறதெண்டால் தண்ணி மாறிக்கொண்டு சிரியுங்கோ."

அவர் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "சரி. மாறிவிடுறன். சும்மா இல்லை. புதன்கிழமை என்ரை முறை. என்ரை மகன் கொழும்பிலை, எனக்கும் ஆளில்லை. அண்டைக்கு என்ரை போயிலைக்குத் தண்ணி மாறவேணும்."

"நான் வாறன் அண்ணை."

"நீ வேண்டாம். அவன் வரட்டும். என்ரை வாய்க்காலிலை அவன் மண்வெட்டியோடை நிக்கிறதை நான் பாக்கவேணும்."

வினோஜா திரும்பித் தன் புருசனைப் பார்த்தாள். அவன் மிசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "ஓம் அண்ணை," என்றாள்.

பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் அதிக தூரம் இல்லை. யதுசா பின்னால் இருந்து தாயின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். முன்கூடையில் கொப்பிகள் காற்றில் விரிந்து மூடின. வினோஜா சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். முதலில் மன்னிப்புக் கேட்பதா, முதலில் சண்டை பிடிப்பதா என்று அவளுக்கே தெளிவில்லை. பிள்ளையை வாசலில் நிற்க வைத்தால், தானும் பக்கத்தில் நிற்பது என்று மட்டும் முடிவெடுத்திருந்தாள்.

படலையடியில் தாய்தகப்பன்மார் பைகளோடு நின்றார்கள். பள்ளிக்கூடம் தொடங்கின மாதிரி இல்லை, சந்தை கூடின மாதிரி இருந்தது. ஒரு தாய் கடைசி நிமிசத்தில் பென்சில்களில் நகப்பூச்சால் பெயர் எழுதி, காய ஊதிக்கொண்டிருந்தாள். றஜிந்தன் ஓட்டோவில் சாய்ந்து நின்றான். அவன் கையில் விசிறி போலப் பல பச்சைத் தாள்கள்.

"அக்கா, கண்ட பச்சை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்திட்டன்," என்றான் வினோஜாவிடம். "சீலைக்கு லைனிங் பாக்கிற மாதிரி அவவே வச்சுப் பாத்து ஒண்டைத் தெரிஞ்செடுக்கட்டும். உங்கடை எங்கை?"

"எங்கடை வியர்த்துப் போச்சு."

"என்னது?"

"பேந்து சொல்லுறன்."

யதுசா படலைக் கம்பிக்குக் கிட்ட வந்ததும் நின்றாள். கை கம்பிக்குப் போனது. வினோஜா அந்தக் கையைப் பிடித்து, கழற்றாமல், அப்படியே தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நானும் வாறன். நீ கதைக்க வேண்டாம். நான்தான் கதைக்கப்போறன்."

வகுப்பில் சிவகௌரி ரீச்சர் ஒரு வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்று அலுமாரிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தார். கதவு மூடவில்லை. உள்ளே தண்ணீர்ப் போத்தல்களும் பெட்டிகளும் பிதுங்கிக்கொண்டு நின்றன. மேசையிலும் நிலத்திலும் மிச்சம் குவிந்து கிடந்தது. ரீச்சரின் நெற்றியில் வியர்வை, சீலைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. குவியலைச் சுற்றிப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"ரீச்சர்," என்றாள் வினோஜா வாசலில் நின்று. வாயில் தயாராக வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. "எங்கடை கொப்பிக்கு உறை இல்லை. நிறமும் இல்லை. கண்ணாடி உறை கடையிலை கிடைக்கேல்லை. யூரியாப் பையிலை உறை போட்டனாங்கள். ராவுக்கை எல்லாம் நனைஞ்சு போச்சு. பிள்ளையிலை பிழை இல்லை. எங்களிலைதான் பிழை. நிக்க வைக்கிறதெண்டால் என்னை நிக்க வையுங்கோ."

ரீச்சர் வாங்கிலிருந்து இறங்கினார். ஒரு கொப்பியை எடுத்தார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"கழுவேல்லையோ?"

"ஈரம் பட்டிடும் எண்டு கழுவேல்லை."

ரீச்சரின் முகம் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியாமல் நின்றது. பிறகு அவர் வாங்கில் இருந்துவிட்டார். "அம்மா, ஒண்டு சொல்லட்டே? உந்தக் கண்ணாடி உறை நான் கேட்டதில்லை. எனக்கு முந்தி இருந்த ரீச்சர் எழுதி வச்சிட்டுப் போன பட்டியல் அது. பழசையே அனுப்புங்கோ எண்டு மேலிடத்திலை சொல்லிச்சினம். நான் திகதியை மாத்திப்போட்டு அனுப்பினனான். சனம் இவ்வளவத்தையும் உண்மையா வாங்கிக்கொண்டு வருமெண்டு நான் எங்கை கண்டன்? உதை எல்லாம் எங்கை வைக்கிறது? அலுமாரியைப் பாருங்கோ!"

வினோஜா அலுமாரியைப் பார்த்தாள்.  மானிப்பாய், சுன்னாகம், திருநெல்வேலி. விடியச் சத்தியெடுத்த பிள்ளை. ஒருவரும் கேட்காத ஒன்றுக்காக. இந்த மனிசிக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தபோதுதான் தன் கைக்குள் பிள்ளையின் கை இல்லை என்று தெரிந்தது.

படலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே இல்லை.

யதுசா உள்ளே இருந்தாள். மூன்றாவது வரிசையில், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில். அந்தப் பிள்ளையின் கொப்பிகளும் அம்மணமாகத்தான் கிடந்தன. யதுசா தன் நெளிந்த கொப்பியை அதன் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மணந்து பார். எங்கடை கொப்பிக்கு ராத்திரி வியர்த்தது."

"ச்சீ!" என்றது அந்தப் பிள்ளை. பிறகு, "இன்னொருக்காத் தா."

இரண்டும் சிரித்தன. பின்வரிசை வாங்கில் இருந்த இன்னொரு பிள்ளையும் மணக்கக் கேட்டு எழும்பி வந்தது.

வினோஜா திறந்த வாயை மூடிக்கொண்டாள். சொல்ல இருந்த நாலு வார்த்தையும் இனித் தேவைப்படவில்லை. உடம்பில் எங்கேயோ இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்டது போல, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரீச்சர் எழும்பி வந்து ஈரக் கொப்பிகளை வாங்கி, வெயில் விழுகிற யன்னல் விளிம்பில் விரித்து வைத்தார். "காயட்டும். மத்தியானத்துக்கிடையிலை காய்ஞ்சிடும். சின்னதா ஒரு நிறத்துண்டை ஒட்டிவிட்டால் பிள்ளையளுக்குப் பாடம் தெரியும். அதை நானே ஒட்டுறன். உந்தக் குப்பைக்குள்ளை தாள் கிடக்கு."

"அப்ப நான் இஞ்சை நிக்கட்டோ ரீச்சர்?"

"ஏன்?"

"போன வருசம் வாசலிலை..." வினோஜா முடிக்கவில்லை.

ரீச்சர் அவளையும் பிள்ளையையும் மாறிப் பார்த்தார். முன்னமே யாரோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது இப்போது விளங்கியிருக்க வேண்டும். "இந்த வகுப்பு வாசலிலை ஒருதரும் நிக்கிறேல்லை," என்றார். "உங்களுக்கு வேலை வெட்டி இல்லையே அம்மா?"

"இருக்கு. இறைப்பு."

"அப்ப போங்கோ. நிண்டு என்ரை வாசலை மறிக்காதேங்கோ."

வினோஜா மகளைப் பார்த்துக் கை காட்டினாள். யதுசா பார்க்கவில்லை. அவளைச் சுற்றி இப்போது கூட்டமாகப் பிள்ளைகள் கொப்பி மணந்துகொண்டு நின்றார்கள்.

படலையில் றஜிந்தன் பிடித்துக்கொண்டான். "என்னவாம் அக்கா? எந்த இலையாம்?"

"எந்த இலையும் சரியாம்."

"என்ன? அப்ப நான் இவ்வளவு பச்சையையும் வச்சு என்ன செய்யிறது?"

"ஆடு வளக்கிறனியோ?"

"இல்லை."

"அப்ப ஆடு ஒண்டு வாங்கு," என்று சொல்லிவிட்டு வினோஜா சைக்கிளில் ஏறினாள். பின்னால் யாரும் இல்லாத சைக்கிள் தன்பாட்டில் ஓடியது. வழியில் ஒரு தரம் அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஒரு தரம் அழுகை வந்தது. எதையும் அடக்கவில்லை. எதிரே வந்த வானுக்குள் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

தோட்டத்துக்கு வந்தபோது தண்ணீர் கடைசிப் பாத்திகளுக்கு வந்துவிட்டிருந்தது. மிசினடியில் வாகீசன், வாய்க்காலில் நடராசா. இத்தனை நேரமும் இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கவில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. தண்ணீரைக் குறைக்க வேண்டுமென்றால் நடராசா மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்குவார். வாகீசன் குறைப்பான். கூட்ட வேண்டுமென்றால் மண்வெட்டியால் வரம்பில் தட்டுவார். வாகீசன் கூட்டுவான். ஊமைகள் இரண்டு பேர் சேர்ந்து இறைத்தது போல இருந்தாலும் வேலை சுத்தமாக நடந்திருந்தது. நட்ட வெங்காயம் பாத்திகளில் நனைந்து நிமிர்ந்து நின்றது.

"பிள்ளை போனவளோ?" என்று நடராசா கேட்டார்.

"தானாப் போய் இருந்திட்டாள் அண்ணை."

"உறை?"

"உறை தேவையில்லையாம்."

"தேவையில்லையோ!" நடராசா மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினார். "அப்ப ஏன் நான் காலமைத் தேத்தண்ணியும் இல்லாமல் உங்கடை சேத்துக்குள்ளை நிண்டனான்?" திட்டினார், ஆனால் முகம் திட்டவில்லை. கடைசிப் பாத்தியின் வாயை மண் போட்டு அடைத்துவிட்டு, மண்வெட்டியைக் கழுவி வரம்பில் சாத்தினார். போகும்போது வாகீசனுக்குக் கேட்கும்படி, ஆனால் வினோஜாவைப் பார்த்துச் சொன்னார். "புதன்கிழமை. விடிய. மறக்க வேண்டாம் எண்டு சொல்லு."

மிசின் நின்றதும் தோட்டம் அமைதியாகிவிட்டது. வாகீசன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"என்ன புதன்கிழமை?"

வினோஜா சொன்னாள்.

"நானோ? அவன்ரை வாய்க்காலிலையோ?"

"நீங்கள்தான். ஓமெண்டு சொல்லித்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டியோ?"

"கேட்டிருந்தால் மாட்டன் எண்டு சொல்லியிருப்பியள். வெங்காயமும் கருகியிருக்கும், பிள்ளையும் வீட்டிலை இருந்திருக்கும்."

அவன் காலால் ஒரு மண்கட்டியை உதைத்தான். அது வாய்க்காலில் விழுந்து கரைந்தது. 

"பிள்ளை அழேல்லையோ?" என்று கேட்டான்.

"அழேல்லை."

"உள்ளை போனபிறகும்?"

"உள்ளை போய்ச் சிரிச்சவள். நான் கண்ணாலை பாத்தன்."

வாகீசன் ஈர வரம்பில் அப்படியே இருந்தான். இடுப்பில் கட்டியிருந்த சாறம் நனைந்தது, அவன் கவனிக்கவில்லை. வினோஜாவும் பக்கத்தில் இருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. எழும்பிப் போய்ச் சமைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று இருந்தாள்.

"சரி," என்றான் வாகீசன், யாருக்கு என்று தெரியாமல். "மாறிக்குடுப்பம்."

புதன்கிழமை விடிய அவன் நடராசாவின் புகையிலைக்கு ஒரு இறைப்பு முழுக்கத் தண்ணீர் மாற வேண்டும். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.